சேனாபதிக்கு விற்ற பிள்ளை

தம்பி,

நீ போனை வைத்ததும் நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? கேற்றைப் பூட்டினேன். பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது, உன் அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார், நீயோ கடல் தாண்டி நோர்வேயில் பனிக்குள் இருக்கிறாய். யார் வராமல் இருக்க இந்தக் கேற்றுக்குப் பூட்டு? எனக்கே தெரியாது. பூட்டிவிட்டுத் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். அப்பா வாய்க்காலில் இருந்து தலையை நிமிர்த்தி, "என்னப்பா, ஆர் வருகினம்?" என்று கேட்டார். "ஒருத்தரும் வரேல்லை. உங்கடை மகன் நோர்வே ஆமியிலை சேர்ந்திட்டானாம்" என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் பாத்தியை நிரப்பி, வரம்பை உடைத்து, அடுத்த பாத்திக்குள் பாய்ந்தது. வெங்காயம் அழுகிவிடும் என்று நான்தான் கத்தினேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்; அம்மா கூட்டிக் குறைத்துவிட்டா என்று பிறகு சொல்லாதே. "அம்மா, பயப்பிடாதேங்கோ. இந்த நாடு எங்களை வைச்சுப் பார்த்தது. இப்ப எல்லையிலை நிக்க ஆள் வேணுமெண்டு கேக்குது. நான் கையெழுத்து வைச்சிட்டன். அங்கை ஊரிலை கலியாணம் முடிஞ்ச கையோடை வடக்கு எல்லைக்குப் போகவேணும்" என்றாய். அதோடும் விடவில்லை: "எல்லாரும் பயந்து ஓடினால் ஆரம்மா நிக்கிறது?" ஓடியதால்தானடா நீ இருக்கிறாய் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். பிறகு சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாய் பார், "எனக்கு ஒண்டும் நடக்காது" என்று, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போனுக்குள் கையை விட்டு உன் வாயைப் பொத்த முடிந்திருந்தால் பொத்தியிருப்பேன்.

ஏன் என்று கேட்பாய். உன் அம்மா வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம். இணுவிலில் இருந்து சைக்கிள் மிதித்துப் போய், செத்துப்போன ஊர்களின் கதையைச் சாகக் காத்திருந்த ஊரில் படிப்பித்தேன். "உதைப் படிச்சுப் பிள்ளையள் என்னத்தைக் கிழிக்கப்போகுதுகள் ரீச்சர்?" என்று பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறவர் நக்கலடிப்பார். நான் சண்டைக்குப் போவேன். அந்தக் கிரேக்கர்கள் கடவுளை விட மனிதனைக் கூர்ந்து பார்த்தவர்கள். அவர்களுடைய துயரக் கதை எதை எடுத்தாலும், ஒருவன் தன் அளவை மறந்து வாயைத் திறக்கிற இடத்தில்தான் தொடங்கும். எனக்கு ஒன்றும் நடக்காது, என் நகரம் விழாது, என் பிள்ளைகளைப் போல் யாருக்கும் பிள்ளைகள் இல்லை. அவ்வளவுதான், மேலே இருக்கிறவர்களுக்குக் காது கேட்டுவிடும். எங்கள் ஊரில் நாவூறு என்று சொல்வோமே, அதேதான். ஆகவே தம்பி, இன்னொரு தரம் அந்த வார்த்தையைச் சொல்லாதே. நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நட.

உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இப்போது எழுதவேண்டியிருக்கிறது. தெரியாதது என்றும் இல்லை. சின்ன வயதில் மாமிமார் உன்னை "முருகன்ரை பிள்ளை" என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கும். செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாய். செல்லம் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார்கள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது சாதகம் எழுதுவித்தோம். சாத்திரியார் கட்டத்தைப் பார்த்து, தாடையைத் தடவி, "பிள்ளைக்கு ஆயுதத்தாலை ஒரு கண்டம் கிடக்கு" என்றார். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கடா ஆயுதத்தால் கண்டம் இல்லை? அதைச் சொல்லக் கட்டம் போடவேண்டுமா, வானத்தை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். அப்படித்தான் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைக் குளிக்கவார்த்துத் தூக்கிக்கொண்டு கந்தசாமி கோயிலுக்குப் போய், முருகனுக்கு விற்றுவிட்டேன்.

அங்கே வளர்ந்த உனக்கு இது விசித்திரமாக இருக்கும். கண்டம் உள்ள பிள்ளையைக் கோயிலில் விற்பது இங்கே வழக்கம். ஐயர் பிள்ளையை வாங்கிச் சுவாமிக்கு முன்னால் கிடத்துவார், விபூதி பூசுவார், "இனி இது சுவாமியின்ரை பிள்ளை" என்பார். பிறகு காணிக்கை வைத்து மீட்டெடுக்க வேண்டும். அநேகம் பேர் அன்றைக்கே மீட்டுவிடுவார்கள். நான் மீட்கவில்லை. ஐயர், "இப்பவே எடுக்கிறியளோ அம்மா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, கண்டம் கழியட்டும்" என்றேன். என் கணக்கு என்னவென்றால், பிள்ளை என்னுடையது என்றால் எவரும் எடுத்துக்கொண்டு போகலாம். முருகனுடையது என்றால் அவர் தன் பிள்ளையைத் தானே விட்டுக்கொடுப்பாரா? படித்தவள் அல்லவா, கடவுளிடமே சட்டம் பேசினேன். உன்னை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அவருடைய பிள்ளைக்கு நான் பால் கொடுக்கிறேன் என்ற நினைப்பில் நிம்மதியாக வளர்த்தேன். அப்பா மட்டும் அவ்வப்போது, "இரவல் பிள்ளையை எப்ப சொந்தமாக்கப் போறாய்?" என்று கேட்பார். பார்ப்போம் பார்ப்போம் என்று நாள் போய்விட்டது.

விதியை மதியால் வெல்லலாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கிரேக்கர்கள் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். அவர்களுடைய கதைகளில் விதி நடந்து வருகிற பாதையை வெட்டிக் கொடுப்பதே மனிதனின் மதிதான். குறி கேட்பான், பயப்படுவான், தப்புவதற்கு ஒரு வழி பிடிப்பான், அந்த வழியின் முடிவில் விதி குந்திக்கொண்டு இருக்கும். முட்டாள்களுக்கு இது நடக்காது, கெட்டிக்காரர்களுக்குத்தான் நடக்கும். இதை நான் எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன். கரும்பலகையில் படம் கீறிக்கூடக் காட்டியிருக்கிறேன், இங்கே ஊர், இங்கே ஓடுகிறவன், இங்கே அவன் போய்ச் சேருகிற இடம் என்று. கீறிவிட்டு வீட்டுக்கு வந்து உன்னை நாட்டை விட்டு அனுப்ப வழி தேடினேன். படிப்பிக்கிறது ஒன்று, பிள்ளை பெற்றவளின் வயிறு இன்னொன்று.

அனுப்பியதற்குக் காரணம் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். பெடியன்கள் காணாமல் போன காலம், தெற்கே போகிற பெரிய வீதியைப் பூட்டி யாழ்ப்பாணம் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்த காலம், ஆகவே அனுப்பினோம் என்று. அது உண்மைதான். ஆனால் என்னை முடிவு எடுக்க வைத்தது ஒரு சிங்கள ஆமிக்காரன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், சந்தியில் இருந்த சென்றியில், காவலரணில், நின்றவன். மீசை சரியாக முளைக்காத பெடியன். ஒரு நாள் என் பையைத் திறந்து பாடப் புத்தகத்தை எடுத்தான். அட்டையில் ஈட்டியோடு ஒரு கிரேக்கப் போர்வீரன் படம். ஏதோ போராளிப் புத்தகம் என்று நினைக்கப்போகிறான் என்று பயந்தேன். "இது என்ன ஆமி, ரீச்சர்?" என்று தெரிந்த தமிழில் கேட்டான். "கிரேக்க ஆமி" என்றேன். "எங்க இருக்கு?" "இப்ப இல்லைத் தம்பி. செத்து ஆயிரக்கணக்கான வருசம்." படத்தை உற்றுப் பார்த்தான். "தலையில இவ்வளவு இரும்பு. சரியான சூடா இருக்கும்" என்று சொல்லித் தன்னுடைய இரும்புத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தலை முழுக்க வேர்க்குரு. நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பையைத் திறக்காமலே போகச் சொல்வான். அவனையும் நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன் என்பதை வீட்டில் வந்து சொல்லவில்லை. சொன்னால் ஊர் என்ன கதைக்கும்?

பிறகு ஒரு காலை, நீ என் சைக்கிளின் பின்னால் இருந்தாய். உனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த சந்தியில் குண்டு வெடித்து அவர்களில் சிலர் செத்திருக்கிறார்கள்; எங்களுக்குத் தெரியாது, வந்துவிட்டோம். அதே பெடியன்தான் நின்றான். நான் பழக்கத்தில் சிரித்தேன். அவன் துவக்கை நீட்டினான். என் நெஞ்சுக்கு இல்லை, தம்பி, உன் நெஞ்சுக்கு. "இறங்கு! இறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். புத்தகங்களை றோட்டில் கொட்டிக் காலால் உதைத்துப் பார்த்தான். நீ என் சேலையைப் பிடித்த பிடியில் தலைப்பு கிழிந்தது. நான் அவனுடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நடுங்கிக்கொண்டு இருந்தது. என்னை விட அவன் கூடுதலாகப் பயந்திருந்தான். பயந்த மனிதனின் கையில் துவக்கு இருந்தால் என்ன நடக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றைக்குக் கண்ணால் கண்டேன். அவன் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அப்பா சொன்னார்.

மறுநாளே நோர்வேயில் இருக்கிற மாமாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளையை எடு, எப்பிடியாவது எடு" என்று அழுதேன். அலுவல்கள் நடந்தன. நீ போகமாட்டேன் என்றாய். போகிற நாளன்று வாழைகளுக்கு நடுவே, குண்டுக்கு ஒளிய வெட்டின எங்கள் பழைய பங்கருக்குள் போய் ஒளித்திருந்தாய். அப்பா இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார். கால் முழுக்க மண். அதைக் கழுவிவிடும்போது என்னைப் பார்த்து, "அம்மா, நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாய். "ஒண்டும் இல்லை ராசா, கொஞ்ச நாளைக்கு மாமாவோடை நில்" என்றேன். கொஞ்ச நாள்! தரைப்பாதை இல்லாததால் அப்பா உன்னைக் கப்பலில் தெற்கே கூட்டிக்கொண்டு போக, நான் கேற்றடியில் நின்றேன். உன்னை மீட்காமல் அனுப்புகிறோமே என்று அப்போது நினைவு வந்தது. வந்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லதாய்ப் போயிற்று, அந்நிய தேசத்தில் முருகன் பார்த்துக்கொள்வார் என்று.

யுத்தம் முடிந்த பிறகும் படிப்பித்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் ஒரு வகுப்பு, எல்லாம் பெண்பிள்ளைகள். அண்ணையை இழந்தவள், தகப்பனைத் தேடுகிறவள், எல்லாரும் அதில் இருந்தார்கள். பாடத்தில் ஒரு இடம் வந்தது. கிரேக்கர்கள் தாங்கள் வென்று எரித்த ஊர்களின் பெண்கள் ஒப்பாரி வைப்பதைத் தாங்களே நாடகமாக்கி மேடையேற்றினார்கள்; வென்ற சனம் கற்படிகளில் குந்தியிருந்து தோற்ற சனத்தின் அழுகையைப் பார்த்தது. அதைச் சொன்னபோது வகுப்பில் ஒருத்தி எழும்பி, "பார்த்த ஆக்கள் அழுதவையோ ரீச்சர்?" என்று கேட்டாள். "ஓம், அழுதவையாம்" என்றேன். "அழுதிட்டு?" "அழுதிட்டு அடுத்த சண்டைக்குப் போனவை." அவள் உட்கார்ந்துவிட்டாள். மனித இயல்பைப் பற்றி நான் இத்தனை வருடம் படிப்பித்ததெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. பயம், ஆசை, மானம். இந்த மூன்றில் ஒன்று கிளம்பினால் மனிதன் துவக்கைத் தூக்குகிறான், கிரேக்கனும் தூக்கினான், எங்கள் பெடியன்களும் தூக்கினார்கள், சந்தியில் நின்றவனும் தூக்கினான். இப்போது நீ.

நீ கேட்கப்போவது தெரியும். எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது அம்மா, நாங்கள் ஒருவரையும் பிடிக்கப் போகவில்லை, எங்கள் எல்லையில்தான் நிற்கிறோம் என்பாய். இருக்கட்டும். நியாயம் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அந்த நாடு தெரியாது. அந்த எல்லைக்கு மறுபக்கம் எவ்வளவு பெரிய நாட்டின் ஆமி நிற்கிறது என்று செய்தியில் பார்க்கிறேன்; பார்த்துவிட்டு ரி.வி.யை நிறுத்துகிறேன்; நிறுத்திவிட்டுப் போனில் பார்க்கிறேன். அங்கே மாரிக் குளிரில் சூரியனே எழும்பாதாமே, இருட்டுக்குள் எப்படியடா ஆளைத் தெரியும்? பங்கர் இருக்கிறதா? நீ சிரிப்பாய். இங்கே ஒவ்வொரு வளவுக்குள்ளும் பங்கர் வெட்டி அதற்குள் பிள்ளை பெற்ற சனத்தில் ஒருத்தி கேட்கிறாள், சிரிக்காமல் பதில் சொல்லு. இப்போதும் பட்டம் விடும் காலத்தில் பட்டத்தில் கட்டின விண் கூவினால், குண்டு போடுகிற விமானம் என்று அண்ணாந்து பார்ப்பேன். வெடி கொளுத்தினால் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று என் தலைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று சொன்னாயே அன்றைக்கு. நான் அழத் தொடங்கிய பிறகு, சமாதானப்படுத்துவதற்காக, "அம்மா, எங்களுக்குத் துவக்கு நீட்டின அந்த ஆமிக்காரனை எனக்கு நல்ல ஞாபகம். நான் அவனைப்போலை ஒரு நாளும் இருக்கமாட்டன்" என்றாய். இவ்வளவு காலமும் நீ மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. தம்பி, நான் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அவனும் தன் தாயிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருப்பான். வேர்க்குருவைச் சொறிந்து சிரித்த பெடியன் அவன். கெட்டவன் இல்லை. ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது அவனுக்கு. நீ செத்துவிடுவாய் என்று பயப்படுகிறேன், அது தாய்க்கு உள்ளது, அதை எழுதத் தேவையில்லை. அதற்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. எங்கேயோ ஒரு பனி றோட்டில் ஒருத்தி தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள். அன்றைக்குக் காலையில் உன் கூட்டாளிகள் செத்திருப்பார்கள். அவள் உன்னுடைய விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

உன்னைக் கட்டப்போகிற பிள்ளை நேற்றுப் போன் எடுத்தாள். இங்கே கொழும்புத்துறையில் பிறந்து அங்கே நோர்வேயில் தாதியாக வேலை பார்க்கிறவள், கரையோரப் பிள்ளைகளுக்குரிய துணிச்சல் அவளுக்கு இருக்கிறது என்று நீ பெருமையாகச் சொல்வாய். "மாமி, எனக்கும் சரியான பயம். அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, நான் தைரியமா நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் என்னோடு கோபிக்கட்டும், சமாளித்துக்கொள்வேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பயமில்லாத மாதிரி நடித்துக்கொண்டு இருப்பது நல்லதில்லை. நானும் அப்பாவும் அப்படித்தான் எங்கள் இளமையைக் கழித்தோம். அவர் வெங்காயத்தோடு கதைத்தார், நான் செத்துப்போன கிரேக்கர்களோடு கதைத்தேன். கலியாணம் கட்டின அன்றே அவளிடம் உன் பயத்தைச் சொல்லு. அவளுடையதையும் கேள்.

இப்போது கோயில் விஷயம். கலியாணத்துக்கு முதல் உன்னை மீட்கவேண்டும். விற்ற பிள்ளையைத் தாயும் தகப்பனும் மணவறையில் தங்கள் பிள்ளை என்று நிறுத்த முடியாது. நாள் கேட்கப் போனேன். பழைய ஐயர் இல்லை, மகன்தான் இப்போது பூசை. விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "மீட்கலாம் அம்மா. ஆனா ஒண்டு, மீட்டால் அவர் உங்கடை பிள்ளை. ஆயுதக் கண்டமெண்டு வித்தனீங்கள், இப்ப ஆயுதத்தோடை நிக்கப் போறார் எண்டு சொல்லுறியள். சிலர் இந்த நேரத்திலை விட்டுவைக்கிறதுதான் நல்லதெண்டு நினைப்பினம். மணவறைக்கு வேறை ஏற்பாடு செய்யலாம், மாமா ஆராவது நிக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். மீட்டால் காவல் போய்விடுமோ என்று ஒரு பயம். மீட்காவிட்டால் என் பிள்ளையின் கலியாணத்தில் நான் யார் என்று இன்னொரு பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

மூலஸ்தானத்துக்கு முன்னால் போய் நின்றேன். தீபாராதனை வெளிச்சத்தில் வேல் மினுங்கியது. அப்போதுதான் உறைத்தது, தம்பி. இத்தனை வருடம் கும்பிட்டும் உறைக்காதது. நான் யாரிடம் கொண்டுபோய் உன்னை விற்றிருக்கிறேன்? தேவர்களின் படைக்கே சேனாபதி! யுத்தத்தில் இருந்து பிள்ளையைக் காப்பாற்று என்று ஒரு சேனாபதியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை ஆமிக்குப் போய்விட்டது என்று அழுகிறேன். ஈட்டி பிடித்த கிரேக்கனின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டிப் படிப்பித்தவளுக்கு, தன் ஊர்க் கோயிலில் வேல் கண்ணில் படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "உன்ரை படைக்கு ஆள் சேர்க்கத்தானோ என்ரை பிள்ளையை வாங்கினனீ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் விலகி நின்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வெங்காயத்தாளை முடிந்துகொண்டே, "நீ வித்தாய், அவர் வேலைக்கு எடுத்திட்டார். இதிலை அவரிலை என்ன பிழை?" என்றார். பகிடிதான். ஆனால் முடிச்சு விழவில்லை, அவிழ்த்து அவிழ்த்து முடிந்தார்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொன்னோம். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் முதல் தடவை. "விட்டுவைப்பமே?" என்று அப்பாதான் கேட்டார், இரவல் பிள்ளை என்று என்னைப் பகிடி பண்ணுகிற மனிதர். "அவர் இவ்வளவு காலமும் வைச்சுப் பார்த்தவர்தானே. இன்னும் கொஞ்சக் காலம் வைச்சிருக்கட்டுமே" என்றார். நானும் ஓம் என்றுதான் சொல்லப்போனேன். அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. உன்னை விற்ற அன்றைக்கு நான் கொடுத்தது உன்னை இல்லை, என் பயத்தை. அதைச் சுமக்க ஆள் தேடினேன். பிறகு மாமாவிடம் கொடுத்தேன், பிறகு நோர்வேயிடம் கொடுத்தேன். எல்லாரும் உன்னை நன்றாகத்தான் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் பங்கர் மண் ஒட்டின காலோடு நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவள் நான், அதை யாரிடமும் விற்க முடியாது. நீ ஒரு பிழையும் செய்யவில்லை. பயந்தது நான்.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதும் அந்தச் சொல் விரல் நுனியில் நிற்கிறது. ஆனால் நான் உன்னை ஓடச் சொன்ன பாதையெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டேன். இன்னொரு பாதை வெட்டிக்கொடுக்க எனக்குத் துணிவில்லை. போ என்றும் என்னால் சொல்ல முடியாது, அந்த அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பயம் வருகிற காலையில், வரும், பயம் வந்துவிட்டது என்று உனக்கு நீயே சொல்லு. பக்கத்தில் நிற்கிறவனிடமும் சொல்லு. சொன்ன பயம் விரலுக்குப் போகாது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. கிரேக்கர்களும் இதற்கு மருந்து எழுதிவைக்கவில்லை.

ஐயரிடம் நாள் குறித்துவிட்டேன். கலியாணத்துக்கு முந்திய வெள்ளி. காணிக்கையை நான் வைப்பேன், அப்பா உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வருவார். அதற்குப் பிறகு நீ சேனாபதியின் பிள்ளை இல்லை, இணுவிலில் வெங்காயம் போடுகிற ஒருவருக்கும் ஓய்வு பெற்ற ஒரு ரீச்சருக்கும் பிள்ளை. காவலும் இல்லை, சட்டம் பேச ஆளும் இல்லை. உனக்கு ஏதும் நடந்தால் இனி நான் கோயில் வாசலில் போய் நின்று முருகனைத் திட்ட முடியாது. என் பிள்ளைக்கு நடந்தது என்றுதான் அழவேண்டும். உன்னால் யாருக்கும் ஏதும் நடந்தாலும், என் பிள்ளை செய்தது என்றுதான் தலை குனியவேண்டும். இரண்டுக்கும் சம்மதித்து, பயந்து பயந்துதான் உன்னை மீட்கிறேன். வா.

அம்மா